மொத்தம் 12, தவணைதான் வேறு: இரண்டு மண்ணில் ஒரு கிண்ணம்

முதல் கிண்ணம் சூளையின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தபோதே பிரிந்துவிட்டது. சிவப்புக் களிமண்ணும் வெள்ளைக் களிமண்ணும் பட்டை பட்டையாக ஓடும்படி செய்த கிண்ணம். விரிசல் கண்டபடி ஓடியிருந்தால் கைத்தவறு என்று விட்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு விரிசலும் நிறம் மாறும் கோட்டைப் பிடித்துக்கொண்டு, தபால்தலை கிழிப்பதுபோல நேராகப் போயிருந்தது. மூன்றாம் நாள் காலையில் தூக்கிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் கையோடு வந்தது, மீதி அலமாரியிலேயே இருந்தது.

கோபம் வரக் காரணம் இருந்தது. சுருக்கக் கணக்கைப் பார்த்துத்தான் மண்ணையே தேர்ந்தெடுத்தேன். சிவப்பு மண் பையின்மேல் சுருக்கம் 12 சதவீதம் என்று போட்டிருந்தது. வெள்ளை மண் பையின்மேலும் அதே 12. இரண்டும் ஒரே அளவு சுருங்கினால் ஏன் பிரிய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு நான்கு மாதமும் மூன்று கிண்ணமும் செலவாயின.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நிறம் வேறான மண் தகடுகளை அடுக்கி, வெட்டி, மாற்றி அடுக்கி, ஒரே கட்டியாக அழுத்துவது. அந்தக் கட்டியை வில்லை வில்லையாக அறுத்தால் உள்ளே இருக்கும் கோடுகள் வெளியே தெரியும். அந்த வில்லைகளைக் கொண்டு பாத்திரம் செய்வது. மேலே பூசிய வண்ணம் இல்லை என்பதால் கோடு சுவரின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் தெரியும். உடைந்தால் உடைந்த முகத்திலும் தெரியும் (அதை நிறையவே பார்த்துவிட்டேன்). ஜப்பானில் இதற்கு நெரிக்கோமி, நெரியாகே என்று இரண்டு பெயர்கள். கையால் அடுக்கிச் செய்வதை முதல் பெயராலும், சக்கரத்தில் வனைவதை இரண்டாம் பெயராலும் பொதுவாகச் சொல்கிறார்கள். கண்டிப்பான எல்லை இல்லை. அங்கே ‘நெரி’ என்றால் பிசைவது. நம் ஊர் நெரிப்பதற்கும் அதற்கும் உறவு ஏதும் கிடையாது, வெறும் தற்செயல்தான். ஆனாலும் கட்டியை முழங்கையால் அழுத்தும்போதெல்லாம் அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

சுலபமான வழி ஒன்று இருந்தது. ஒரே வெள்ளை மண்ணை எடுத்து, அதில் பாதிக்கு மட்டும் நிறமி கலந்தால் போதும். இரண்டும் ஒரே மண் என்பதால் சண்டை வராது. நான் அதை வேண்டாம் என்றேன். சாயம் போட்ட மண்ணில் நிறம் மட்டும்தான் மாறும், மண் மாறாது. எனக்கு வேண்டியது இரும்பு நிறைந்த வழவழப்பான சிவப்பும், கொஞ்சம் சொரசொரப்பான வெளிர் மண்ணும் ஒரே சுவரில் நிற்பது. வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

கிண்ணம் பிரிந்த பிறகு, முன்பு செய்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இந்த வேலைக்கு நீண்ட மரபு இருக்கிறது. சீனத்தில் தாங் அரசர் காலத்தில், அதாவது 618 முதல் 907 வரையிலான காலத்தில், வெளிர் மண்ணையும் பழுப்பு மண்ணையும் முறுக்கிக் கிண்ணங்களும் தலையணைகளும் செய்திருக்கிறார்கள். பீங்கான் தலையணைதான், கல் மாதிரி கடினம். எனக்குப் பயன்பட்ட விஷயம் வேறு. அவற்றில் பல, முழுக்க முழுக்கக் கலப்பு மண்ணால் ஆனவை அல்ல. சாதா மண்ணில் உடம்பைச் செய்து, அதன்மேல் கலப்பு மண்ணை மெல்லிய தகடாக ஒட்டியிருக்கிறார்கள். மரச்சாமானில் நல்ல மரத்தைத் தகடாகச் சீவி ஒட்டுவதுபோல. நல்ல மண்ணை மிச்சம் பிடிக்கச் செய்திருக்கலாம். பிரியத் துடிக்கும் இரண்டு மண்ணை முதுகுப்பக்கம் மூன்றாவது ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பதும் காரணமாக இருக்கலாம். என் அனுமானம் இரண்டாவது.

கொரியாவில் கோரியோ காலத்துக் குயவர்கள், 12ஆம் நூற்றாண்டில், மூன்று மண்ணைக் கலந்தார்கள். பச்சைப் பளபளப்புக்குப் பேர்போன அவர்களுடைய செலடான் பாத்திரத்தின் சாம்பல் மண், வெள்ளை மண், இரும்பு மிகுந்த செம்மண். சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது செம்மண் கறுத்துவிடும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், சாம்பல் மண் பச்சையாகத் தெரியும். ஏறக்குறைய இதே வெள்ளையையும் இரும்பு மண்ணையும்தான் பாத்திரத்தில் குழி கீறி நிரப்பும் வேலைக்கும் வைத்திருந்தார்கள். குழியில் நிரப்பிய மண் அதிகம் சுருங்கினால் விழுந்துவிடும். அப்படியானால் எந்த மண் எதோடு ஒத்துப்போகும் என்பது அந்தக் கைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டு நடுவில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் அகேட் கல்லைப் போல வரி ஓடும் தேநீர்க் குடுவைகளும் கத்திப்பிடிகளும் செய்தார்கள். தாமஸ் வீல்டன் அதில் பெயர் பெற்றவர். 1754 முதல் 1759 வரை அவருக்குக் கூட்டாளியாக இருந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். அந்தப் பாத்திரங்களைக் கடைசல் எந்திரத்தில் வைத்து மேல்தோலைச் சீவி எடுத்தார்கள். வனையும்போது மேலே பூசிக்கொண்ட சேறு போனால்தான் வரி தெளியும்.

என் வீம்பைக் குலைத்தவர் ஜப்பானியக் குயவர் மட்ஸுய் கோசெய். 1927இல் பிறந்து 2003இல் மறைந்தவர். காசாமாவில் ஒரு பௌத்தக் கோயிலின் குருவாகவும் இருந்தவர். நெரியாகே வேலைக்காக 1993இல் ஜப்பான் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய கைகாரரே விரிசலோடு பல காலம் போராடிவிட்டு, ஒரே அடிமண்ணில் வெவ்வேறு நிறமிகளைக் கலக்கும் வழிக்கு வந்து சேர்ந்தார். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் மட்டமாக நினைத்த ‘சுலப வழி’க்கு அவர் வந்தது சோம்பலால் இல்லை. மண் அடங்கிய பிறகுதான் கோட்டை அவரால் அந்த அளவுக்கு நுணுக்க முடிந்திருக்கிறது.

இந்தக் கிண்ணத்தைப் பார்க்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒன்று: “கீழடி, ஆதிச்சநல்லூர் கறுப்பு-சிவப்புப் பானையும் இப்படித்தானா?” இல்லை. அது ஒரே மண். உள்பக்கமும் வாயோரமும் கறுப்பு, வெளியே சிவப்பு என்று வந்தது தீயின் வேலை. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது, கரியும் புகையும் தங்கும், அங்கே மண் கறுக்கும். காற்றுப் படும் வெளிப்பக்கத்தில் இரும்பு சிவக்கும். ஒரே மண் என்பதால் நிறம் மாறும் இடத்தில் விரிசல் விழ வழியே இல்லை. இரண்டு நிறத்தைச் சேர்க்க மனிதன் கண்டுபிடித்த வழிகளிலேயே தொந்தரவு குறைந்தது இதுதான் என்று, இரண்டு கிண்ணத்தைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் சொல்லிக்கொள்கிறேன்.

சரி, சுருக்கக் கணக்குக்கு வருகிறேன். பையின்மேல் போட்டிருந்ததை விட்டுவிட்டு நானே அளக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு மண்ணிலும் ஆறு பட்டை: நீளம் 14 செ.மீ., அகலம் 4, கனம் 1. ஈரமாக இருக்கும்போதே சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறிவிட வேண்டும். எண்ணையும் கீற வேண்டும், இல்லாவிட்டால் சுட்டபிறகு எது எதுவென்று தெரியாது. தினம் ஒருமுறை புரட்டிப் போட்டேன், வளையாமல் இருக்க. பிறகு நான்கு கட்டத்தில் அளந்தேன்: நன்றாகக் காய்ந்ததும், 1000 டிகிரி சூட்டுக்குப் பின், 1150க்குப் பின், 1220க்குப் பின்.

சிவப்பு மண்ணின் 100 மி.மீ. கோடு காய்ந்ததும் 91.5. ஆயிரத்தில் 90.5. 1150இல் 88. அதாவது 12 சதவீதம், பையில் போட்டது சரிதான். 1220இல் அளக்க ஏதும் மிஞ்சவில்லை. பட்டை கொப்புளம் கொப்புளமாக உப்பி, நடுவில் தொய்ந்து கிடந்தது.

வெள்ளை மண் காய்ந்ததும் 94.5. ஆயிரத்தில் 94. 1150இல் 90.5. 1220இல் 88. இதுவும் 12 சதவீதம். இதுவும் சரிதான்.

இரண்டு பையும் பொய் சொல்லவில்லை. அந்தந்த மண் அதனதன் உச்ச சூட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்லின. கடன் இரண்டு பேருக்கும் ஒரே தொகை, தவணைதான் வேறு. சிவப்பு மண் தன் 12இல் எட்டரையைக் காயும்போதே கட்டிவிடுகிறது. வெள்ளை மண் ஐந்தரையை மட்டும் கட்டிவிட்டு, பாதிக்கு மேல் சூளைக்கு மிச்சம் வைக்கிறது. 20 செ.மீ. அகலக் கிண்ணத்தில் காய்ந்து முடியும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6 மி.மீ. ஆறு மில்லிமீட்டரை ஒரு ஈரச் சுவர் எப்படித் தாங்கும்? நிறக் கோட்டில்தான் கிழியும்.

காரணமும் பிடிபட்டது. சிவப்பு மண் துகள் மிக நுண்ணியது. நுண்ணிய துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைய நிற்கும். அது வற்றும்போது துகள்கள் நெருங்கி வரும், மண் சுருங்கும். வெள்ளை மண்ணில் ஏற்கெனவே சுட்டு இடித்த மண்பொடி கலந்திருந்தது. சுட்ட பொடி தன் சுருக்கத்தை முன்பே முடித்துவிட்டதால் அது அசையாது. சூளையில் கதை மாறுகிறது. சிவப்பில் இருக்கும் இரும்பும் மற்ற உருக்கிகளும் அதைச் சீக்கிரம் இறுக்கிவிடும், 1150ஐத் தாண்டினால் இளக்கிவிடும். வெள்ளைக்கு இறுக இன்னும் சூடு வேண்டும்.

ஆகவே இரண்டையும் நடுவழியில் சந்திக்க வைக்க வேண்டும். காயும்போதும் கிட்டத்தட்ட ஒரே அளவு சுருங்க வேண்டும், சுடும்போதும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இறுக வேண்டும். 1180 டிகிரியை இலக்காக வைத்தேன்.

முதலில் செய்தது அவசரக் கோலம். சிவப்பில் 20 பங்கு சுட்ட மண்பொடியைக் கொட்டினேன். சுருக்கம் குறைந்தது. ஆனால் கட்டியைக் கம்பியால் அறுத்தபோது பருமனான பொடி கம்பியில் மாட்டிக்கொண்டு, வில்லையின் முகமெல்லாம் கீறிக்கொண்டே போயிற்று. பூனை பிறாண்டிய மாதிரி. கோடுகளின் ஓரம் பிய்ந்து நின்றது. அந்த மண்ணைத் தொட்டிக்குச் செலவழித்தேன்.

அப்புறம் வந்த கலவை இது. எல்லாம் உலர்ந்த எடைக்கணக்கு, ஈர எடையில் அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு மண் கிடைக்கும். சிவப்புக்கு: சிவப்பு மண் 70, வெள்ளை மண் 30. அதோடு, அதே சிவப்பு மண்ணைச் சுட்டு இடித்து 80 கண் சல்லடையில் சலித்த பொடி 8. வெள்ளைக்கு: வெள்ளை மண் 82, நுண்ணிய ‘பால்’ களிமண் (ball clay, குடிக்கும் பால் இல்லை) 12, பெல்ட்ஸ்பார் என்ற கனிமப் பொடி 6. பால் களிமண் வெள்ளையின் உலர் சுருக்கத்தைக் கூட்டுகிறது, பெல்ட்ஸ்பார் அதைக் கொஞ்சம் முன்னதாக இறுக வைக்கிறது. சிவப்பில் வெள்ளையைச் சேர்த்தது அதன் சுருக்கத்தைக் குறைக்கவும், 1180 வரை தாக்குப்பிடிக்க வைக்கவும்.

மண் கட்டிகளை முழுதாக உலர்த்தி, நொறுக்கி, எடை போட்டு, தண்ணீரில் கொட்டி ஒரு நாள் ஊறவிட்டேன். உலர்ந்த மண் தண்ணீரில் தானாகவே கரைந்து விழும், அரை ஈரமான மண் கரையாது. பிறகு கலக்கி, சல்லடையில் ஊற்றி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகைமேல் பரப்பி இறுக விட்டேன். நொறுக்கும்போதும் சலிக்கும்போதும் நல்ல முகக்கவசம் கட்டாயம். களிமண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. இன்னொன்று: கறுப்பு வேண்டும் என்று மாங்கனீசு கலந்த மண்ணைத் தேடிப் போகிறவர்கள் சூளைப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். சுடும் அறையில் நிற்கக் கூடாது, காற்றோட்டம் இல்லாத இடத்தில் சுடவும் கூடாது.

புதுக் கலவையைப் பட்டை அளவில் பார்த்தேன். சிவப்பு காய்ந்து 7 சதவீதம், 1180இல் 11. வெள்ளை காய்ந்து ஆறரை, 1180இல் பத்தரை. அளவுகோலைவிட எனக்கு நம்பிக்கை கொடுத்தது வேறொரு சோதனை. நான்கு மி.மீ. கனத்தில் ஒரு சிவப்புப் பட்டையையும் ஒரு வெள்ளைப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவிடுவது. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைவது நினைவிருக்கும். அதே கதைதான். எது அதிகம் சுருங்குகிறதோ அந்தப் பக்கம் வளையும். பழைய ஜோடி சிவப்புப் பக்கம் வில்லாக வளைந்து, ஒரு முனையில் உரிந்தும் வந்தது. புது ஜோடியைப் பலகையில் வைத்தபோது நடுவில் ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி. இனி யாராவது இரண்டு மண்ணைச் சேர்க்கிறேன் என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இந்தப் பட்டையைச் செய்யச் சொல்வேன். ஒரு கைப்பிடி மண், ஒரு வாரம். கிண்ணம் உடைவதைவிட மலிவு.

இவ்வளவு செய்தும் இரண்டாவது கட்டியில் தகடுகள் நழுவின. சக்கரம் பழகிக்கொடுத்த அண்ணனிடம் காட்டினேன். அவர் கணக்கு எதையும் கேட்கவில்லை. இரண்டு மண்ணிலும் கட்டைவிரலை வைத்தார்.

“அழுத்திப் பாரு தம்பி. ரெண்டுலயும் ஒரே பள்ளம் விழுதா?”

விழவில்லை. வெள்ளை மெத்தென்று இருந்தது, சிவப்பு இறுகியிருந்தது. “ஈரம் ஒண்ணா இல்லாம என்ன கலவை போட்டும் புண்ணியமில்ல” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதன்பிறகு இரண்டு மண்ணையும் ஒரே டப்பாவில், ஈரத்துணி போர்த்தி, மூன்று நாள் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

கட்டி செய்யும் கட்டம்தான் இந்த வேலையில் ஆனந்தம். ஆறு மி.மீ. தகடுகளாக இரண்டு மண்ணையும் உருட்டினேன். இரண்டு பக்கமும் சம உயரத்தில் மரச்சட்டம் வைத்து அதன்மேல் உருளைக்கட்டையை ஓட்டினால் கனம் சீராக வரும். ஒவ்வொரு தகட்டின் முகத்திலும் தண்ணீராகக் கரைத்த வெள்ளை மண்குழம்பை, சில துளி வினிகர் சேர்த்து, தூரிகையால் ஒருமுறை தடவினேன். குழம்பு தடித்தால் அதுவே மூன்றாவது கோடாகத் தெரியும். மாற்றி மாற்றி எட்டுத் தகடு அடுக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக் காற்றை வெளியேற்றி, பாதியாக வெட்டி மேலே வைத்தால் பதினாறு வரி. அந்தக் கட்டியைச் சாய்வாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒரு துண்டைத் திருப்பி வைத்தேன். நேர்வரி நெளிவரி ஆயிற்று. இந்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. இன்னொரு வெட்டு, இன்னொரு திருப்பு என்று போய், முதல் கட்டியில் வரியெல்லாம் நூலாகிச் சுட்டபின் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பழுப்பு. அடுத்ததில் இரண்டு வெட்டோடு கையை எடுத்துவிட்டேன்.

கட்டியைச் சுற்றிக்கட்டி இரண்டு நாள் வைத்தபின் கம்பியால் ஏழு மி.மீ. வில்லைகளாக அறுத்தேன். துணிக்கு நடுவே வைத்து, ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்கே, புரட்டிப்போட்டு மறுபடி என்று மெல்ல உருட்டி ஆறு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். ஒரே திசையில் உருட்டினால் வரி இழுபடும், மண்ணும் அந்தத் திசையை மறக்காது. காயும்போது அந்தப் பக்கம் நெளியும். பிறகு பிளாஸ்டர் அச்சுக் குழிக்குள் வில்லைகளைப் பொருத்தி, இணைப்புகளைக் கீறிக் குழம்பு தடவி, மரக்கரண்டியின் முதுகால் உள்ளிருந்து அழுத்தினேன்.

அச்சிலிருந்து எடுக்கும்போது கிண்ணம் பார்க்கவே சகிக்காது. எல்லாம் ஒரே சேற்று நிறம். தோல் பதத்துக்கு வந்ததும், அதாவது வளையாமல் ஆனால் நகம் பதியும் ஈரத்தில், மெல்லிய எஃகுத் தகட்டால் மேல்தோலைச் சீவ வேண்டும். வரியின் போக்கிலேயே சீவ வேண்டும், குறுக்கே போனால் சிவப்பு வெள்ளைமேல் ஈஷிக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் தகட்டைத் துடைக்க வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஸ்டாஃபோர்ட்ஷயர்காரர்களின் கடைசல் எந்திரத்தை நினைத்துப் பொறாமைப்பட்ட நேரம் அது.

காயவைத்தது பன்னிரண்டு நாள். முதல் ஆறு நாள் பிளாஸ்டிக் தாளுக்குள், தினம் தாளைப் புரட்டி உள்ளே சேர்ந்த நீர்த்துளியைத் துடைத்தேன். பிறகு கவிழ்த்து வைத்து, தாளில் சின்னச் சின்னத் துளை. வாயோரம்தான் முதலில் காயும், அங்கேதான் விரிசலும் தொடங்கும். அதனால் ஓரத்தை மட்டும் ஈரத்துணிப் பட்டையால் கூடுதலாக மூடினேன்.

இரண்டாம் கிண்ணம் காய்ந்தது, பிரியவில்லை. சூளையில் கெட்டது, அதுவும் என் அவசரத்தால். முதல் சூட்டை வேகமாக ஏற்றி 1000ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். கண்ணுக்கு நன்றாக இருந்தது. 1180இல் இரண்டாம் முறை சுட்டபோது சிவப்புப் பட்டைகளில் மட்டும் வரிசையாகக் கொப்புளம். உடைத்துப் பார்த்தால் சிவப்பின் நடுவில் கறுப்பு. மண்ணில் இருந்த கரிமம் முழுக்க எரியும் முன்பே மண்ணின் துளைகள் மூடிக்கொண்டன, பிறகு அதிக சூட்டில் அந்த வாயு வெளியேற வழியில்லாமல் மண்ணை ஊதிவிட்டது. மூன்றாம் கிண்ணத்துக்கு 600 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரிதான் ஏற்றினேன். 573இல், மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று விரியும் இடம் ஒன்று இருக்கிறது, இறங்கும்போது அங்கேயே சட்டென்று சுருங்கும். இரண்டு மண்ணிலும் குவார்ட்ஸ் ஒரே அளவில் இருக்காது என்பதால் அந்த இடத்தை மெல்லக் கடப்பது நல்லது. 900இல் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தேன், காற்றுத்துளையைத் திறந்தே விட்டு.

முதல் சூட்டுக்குப் பின் ஈரமான உப்புத்தாளால் தேய்த்தேன். உலர்ந்து தேய்த்தால் தூசி, ஈரமாகத் தேய்த்தால் வெறும் சேறு. கீழே விழுந்ததையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். உள்பக்கம் மட்டும் நிறமற்ற கிளேஸ், அதாவது சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு, ஊற்றினேன். வெளிப்பக்கம் வெறும் மண், விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இந்த கிளேஸ் ஒரு வேடிக்கை செய்தது. ஆறியபின் உள்ளே முடி போன்ற கீறல் வலை தெரிந்தது, ஆனால் வெள்ளைப் பட்டையில் மட்டும். சிவப்பு வந்ததும் வலை நின்றுவிடுகிறது, அடுத்த வெள்ளையில் மறுபடி தொடங்குகிறது. கிளேஸும் மண்ணும் ஆறும்போது சுருங்கும் அளவு பொருந்தாவிட்டால் இப்படி ஆகும். ஒரே கிளேஸ் சிவப்போடு பொருந்துகிறது, வெள்ளையோடு பொருந்தவில்லை. அடுத்து இரண்டுக்கும் ஒத்துவரும் கிளேஸ் தேட வேண்டும். அதுவரை இந்தக் கிண்ணத்தில் ஈரப்பொருள் எதையும் வைக்கப்போவதில்லை.

மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துச் சக்கரத்திலும் ஒன்று வனைந்தேன். பத்து முறைக்கு மேல் பிசையக் கூடாது, மேலே போனால் நிறங்கள் கலந்துவிடும். வனையும்போது வரி தானாகச் சுழன்று மேலே ஏறுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மண் எப்படிச் சுழற்றியதோ அதுதான் வரி, என் கை சொல்லுக்கு இடமில்லை. எனக்கு அடுக்குவதுதான் பிடிக்கிறது.

சிவப்பின் நிறம் நான் நினைத்த செங்கல் சிவப்பாக வரவில்லை. வெள்ளை கலந்ததாலும் 1180 சூட்டாலும் தேக்குப் பலகை நிறத்துக்குப் போய்விட்டது. வெள்ளையும் தும்பை வெள்ளை இல்லை, சிவப்பின் பக்கத்தில் இருந்ததால் ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. ஒன்றில் மற்றது 30 பங்கு போனபிறகு எனக்கு வேண்டிய ‘இரண்டு வேறு மண்’ இது இல்லைதான். மட்ஸுய் போன வழியில் நானும் முக்கால் தூரம் வந்துவிட்டேன். ஆனால் வெளிப்பக்கத்தைக் கண்ணை மூடித் தடவினால் சிவப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று விரல் சொல்லிவிடுகிறது. வெள்ளை இன்னும் சொரசொரக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. தோல் பதத்தில் வாயோரத்தை நீர்மட்டம் பார்த்துச் சமமாக வெட்டியிருந்தேன். சுட்ட கிண்ணத்தைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, பின்னால் ஒரு கைவிளக்கைப் பிடித்தேன். வெள்ளைப் பட்டைகள் கண்ணாடியைத் தொட்டு நின்றன. சிவப்புப் பட்டைகள் வரும் இடத்திலெல்லாம் அடியில் ஒரு மயிரிழை வெளிச்சம். அரை சதவீதம் மிச்சம் இருக்கிறது. சிவப்பில் சுட்ட பொடியை 8இலிருந்து 11 ஆக்கி ஒரு ஜோடிப் பட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். இன்று நான்காம் நாள், இதுவரை வளையவில்லை.